கல்லூரி மாணவர் புகைப்பழக்கம், மனநிலை, ஆண்–பெண் வேறுபாடு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் கணக்கெடுக்க உதவி தேவை

மாந்தோப்பு_23
வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பு உறுதியாகிவிட்டது. களம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள். 200 ஆண், 200 பெண், எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். வயது, ஹாஸ்டலா வீடா, பி.எஸ்.எஸ்-10 (மன நெருக்கடி அளவுகோல்), பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வு அளவுகோல்), ஃபாகர்ஸ்ட்ரோம் (நிகோடின் அடிமைத்தன அளவுகோல்), கடைசியில் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (எந்தக் காரணி புகைப்போடு சேருதுன்னு பார்க்கிற கணக்கு). களத்துக்குப் போவதற்கு முன்னாடி எங்கே ஓட்டை இருக்குன்னு தயங்காம சொல்லுங்க.

எண்_கணக்கன்
முதல் ஓட்டை அந்த 200 பெண்கள்ங்கிற இடத்துலதான்மா.

ஜி.ஏ.டி.எஸ். (பெரியவர்களோட புகையிலைப் பழக்கத்தைப் பார்க்கிற கணக்கெடுப்பு) இரண்டாம் சுற்று (2016-17) கணக்குப்படி இந்தியாவுல 15 வயசும் அதுக்கு மேலும் உள்ளவங்கள்ல புகைக்கிற ஆண்கள் 19.0%, பெண்கள் 2.0%. மாணவர்கள் அளவு வேற மாதிரி இருக்கலாம், ஆனா கணக்குப் போட இது போதும்.

ஆண்களுக்கு: 1.96-இன் (95% நம்பிக்கைக்கான எண்) வர்க்கம் 3.84. அதை 0.19, 0.81 ரெண்டாலயும் பெருக்கி 0.0025-ஆல (5% பிழையோட வர்க்கம்) வகுத்தா 237 பேர். வகுப்பு வகுப்பா எடுக்கப் போறீங்க, ஒரே பெஞ்சுக்காரங்க ஒரே மாதிரி இருப்பாங்க, அதனால டிசைன் எஃபெக்ட் (அதுக்காக ஆள் எண்ணிக்கையைக் கூட்டுற மடங்கு) 1.5. ஆச்சு 356. பத்துல ஒருத்தர் வெறும் தாளைத் திருப்பிக் கொடுப்பார்னு வெச்சா 395.

பெண்களுக்கு அதே 5% பிழையைப் போட்டுப் பாருங்க. 2%-க்கு முன்னே பின்னே 5. அதாவது மைனஸ் 3 சதவீதத்துலேர்ந்து 7 வரைக்கும். மைனஸ் மூணு சதவீதம் பேர் தம் அடிக்கிறாங்கன்னு வைவாவுல சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. பிழையை 1%-ஆ இறுக்கினா 753 பேர், டிசைன் எஃபெக்டோட 1,130. அத்தனை பேர்கிட்ட போனாலும் கிடைக்கிறது 22, 23 பேர். ஒரு காரணிக்குக் குறைஞ்சது 10 நிகழ்வு (இங்கே புகைக்கிறவங்க) வேணுங்கிற கைவிதிப்படி மாடல்ல ரெண்டே காரணிதான் போடலாம். உங்க 200-ல வர்றது நாலு பேர். நாலு பேரை வெச்சு ரிக்ரெஷன் ஓட்டினா மென்பொருள் மறுக்காது, ஏதோ ஒரு ஆட்ஸ் ரேஷியோ (வாய்ப்பு எத்தனை மடங்குங்கிற எண்) துப்பும். நம்பிக்கை இடைவெளி தொப்பூர் கணவாய் மாதிரி போய்க்கிட்டே இருக்கும்.

மாந்தோப்பு_23
அப்போ பெண்களை விட்டுட்டு ஆண்களை மட்டும் எடுத்துக்கலாமா அண்ணா? கைடும் அதையே ஒரு தடவை சொன்னாங்க.

பெண்ணையாத்தங்கரை
விட்டுடாதீங்க. கேள்வியை மாத்துங்க. ஆண்களுக்காகச் செஞ்ச கேள்வியைப் பெண்களிடம் கேட்டு, பதில் வரலைன்னு பெண்களையே நீக்குறதுதான் இந்தத் துறையில் காலங்காலமாக நடக்குது.

மூணு இடத்தில் மாத்தலாம்.

ஒண்ணு, சாய்வு. இதுவரை புகைக்காதவங்களிடம் "நெருங்கின தோழி நீட்டினா வாங்குவீங்களா", "அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள முயற்சி பண்ணிப் பார்ப்பீங்களா", "எப்பவாவது ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம்னு நினைக்கிறீங்களா" என்று கேட்பது. "நிச்சயமா மாட்டேன்" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் சாய்வு உண்டு என்று வைப்பார்கள். பியர்ஸ் குழு 1996-இல் கொடுத்த முறை இது. நாலே பேரை வைத்துத் தவிப்பதைவிட இதில் பகுத்துப் பார்க்கும் அளவுக்கு ஆள் கிடைப்பார்கள்.

ரெண்டு, புகையா புகையிலையா. அதே ஜி.ஏ.டி.எஸ்-இல் புகையில்லாப் புகையிலை எடுக்கிற பெண்கள் 12.8%. நம் பக்கத்துத் திண்ணைகளில் பாட்டிமார் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கிட்டா யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதே வீட்டுப் பேத்தி சிகரெட்டை எடுத்தால் குடும்ப மானம் போச்சு. தடை இருப்பது நிகோடினுக்கு இல்லை, பெண் வாயிலிருந்து வரும் புகைக்கு. வினாத்தாளில் சிகரெட், பீடி, வெற்றிலையோடு புகையிலை, ஹான்ஸ், கூல் லிப் (இரண்டும் வாயில் அடக்கும் புகையிலை), ஹூக்கா, இ-சிகரெட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்க. "புகையிலைப் பழக்கம் உண்டா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கூல் லிப் வைக்கிற பையனே "இல்லை" என்பான், அது அவன் கணக்கில் புகையிலையே இல்லை.

மூணு, ஆழ நேர்காணல். புகைக்கிற பெண்கள் 10, 12 பேர், ஒருவர் மூலம் அடுத்தவர் என்று போய், பெண் ஆய்வாளரே எடுக்கணும். இதைச் சதவீதமாக மாற்றாதீர்கள்.

ராகிக்களி
மேடம், பொண்ணுங்க கம்மின்னு யார் சொன்னது? ஓசூர் தாண்டி பெங்களூர் போய்ப் பாருங்க, டீக்கடைக்கு டீக்கடை பொண்ணுங்க தம்மோட நிக்கிறாங்க. சர்வே எல்லாம் சும்மா.

எண்_கணக்கன்
தம்பி, கண்ணுல படுறது வேற, எண்ணிக்கை வேற. பத்துப் பசங்க நின்னா ஒருத்தனையும் கவனிக்க மாட்டோம், ஒரு பொண்ணு நின்னா சாயங்காலம் வரைக்கும் பேசுவோம். தேசிய அளவுல 2009-10-ல 2.9%, 2016-17-ல 2.0%, குறைஞ்சுதான் இருக்கு. ஆண்கள் 24.3-லேர்ந்து 19.0. ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன்: பெண்களோட அந்த எண்ல கிராமத்து வயசானவங்க பீடி, சுருட்டும் அடக்கம். அவங்க குறைஞ்சுகிட்டே இருக்கும்போது நகரத்து இளம்பெண்கள் கூடினாலும் சராசரி இறங்கும். அதனால உங்க கண்ணும் பொய் இல்ல, சர்வேயும் பொய் இல்ல.

பெண்ணையாத்தங்கரை
மறைத்துச் சொல்வதும் உண்டு. தென் கொரியாவில் சிறுநீர்க் கோட்டினினை (நிகோடின் உடலில் உடைந்து உண்டாகும் பொருள்) வைத்துப் பார்த்தபோது புகைக்கும் பெண்கள் வாயால் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. ஆண்களிடம் அப்படி இடைவெளி இல்லை. சிகரெட் பெண்ணுக்கு ஆகாது என்ற ஊர்களில் எல்லாம் இதை எதிர்பார்க்கலாம்.

ராகிக்களி
அப்போ நாணயம் சுண்டுற முறை? தலை விழுந்தா "ஆமா"ன்னே எழுதணும், பூ விழுந்தா உண்மையை எழுதணும். யார் என்னன்னு யாருக்கும் தெரியாது. பயம் இல்லாம சொல்லுவாங்களே.

எண்_கணக்கன்
நல்ல யோசனை, 1965-ல வார்னர் தொடங்கின வழியோட ஒரு கிளை. ஆனா விலை அதிகம். 200 பேர்ல 104 "ஆமா" வந்துச்சுன்னு வைங்க, 0.52. நாணயத்தோட பாதியைக் கழிச்சு ரெண்டால பெருக்கினா 4%. இப்போ பிழையைப் பாருங்க: 0.52-ஐ 0.48-ஆல பெருக்கி 200-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.035, ரெண்டு மடங்கு 0.07, அதை 1.96-ஆல பெருக்கினா கூட்டல் கழித்தல் 14%. நாலு சதவீதத்தைச் சொல்ல பதினாலு சதவீதப் பிழை. 2,000 பேர்கிட்ட போனாலும் 4.4%-லதான் நிக்கும். அதோட, தலை விழுந்தும் "ஆமா"ன்னு எழுதக் கை வராத பொண்ணுங்க இருப்பாங்க. முறை அங்கேயே உடையும்.

சாதா ரகசியமே மேல். பெயர் இல்லாத தாள், எல்லாருக்கும் ஒரே நீலப் பேனா, ஒட்டின கவர், பின்வாசல் பக்கம் ஒரு பெட்டி. கூகுள் ஃபார்ம் வேண்டாம், ஈமெயில் கேட்கிற மாதிரி ஒரு வரி தெரிஞ்சாலே பாதிப் பேர் மூடிடுவாங்க. துறை ஆசிரியர் அறைக்குள்ள இருக்கக் கூடாது, வாசல்லயும்தான்.

வத்தல்மலை_காத்து
மனநிலைப் பகுதிக்கு வருகிறேன். இங்கே மொழியே ஒரு குழி. "மன அழுத்தம்" என்ற சொல்லை நம் ஆட்கள் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போடுவார்கள், டிப்ரஷனுக்கும் போடுவார்கள். பி.எஸ்.எஸ். கேட்பது நெருக்கடி, பி.எச்.க்யூ. கேட்பது மனச்சோர்வு. இரண்டு தாளிலும் "மன அழுத்தம்" என்றே வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எது புகையோடு சேர்ந்தது என்று பிரிக்க முடியாது. பேச்சில் "டென்ஷன்" என்பது முதலாவதற்கும், "மனசே சரியில்லை, எதுலயும் புடிப்பு இல்லை" என்பது இரண்டாவதற்கும் நெருக்கம். மொழிபெயர்ப்பை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு 10, 15 மாணவர்களிடம் "இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டால் போதும், கோளாறு எல்லாம் வெளியே வந்துவிடும்.

பி.எஸ்.எஸ்-10-இல் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகளுக்கு மதிப்பெண் தலைகீழ். அதை மறந்து கூட்டுவது ஆய்வேடுகளில் நடக்கும் தவறுதான். ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.7-க்குக் கீழே வந்தால் மாணவர்களைக் குறை சொல்லுமுன் இந்த நாலைச் சரிபாருங்கள்.

அடுத்தது திசை. "டென்ஷன் அதிகம், அதனால் புகைக்கிறார்கள்" என்று ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பை வைத்து எழுதாதீர்கள். நிகோடின் இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரத் தேர்வு, அதற்கு அரை மணி முன்பே உள்ளே போகணும். மூன்றாம் மணியில் வரும் கை நடுக்கம், எரிச்சல், கவனச் சிதறல் இவற்றில் ஒரு பங்கு வினாத்தாளால், ஒரு பங்கு நிகோடின் இறங்கியதால். வெளியே வந்து பற்ற வைத்ததும் இரண்டாவது பங்கு தணிகிறது. மாணவன் அதை "டென்ஷன் போச்சு" என்று பதிந்துகொள்கிறான். டென்ஷனை உண்டாக்கியதில் சிகரெட்டுக்கும் பங்கு இருந்தது அவனுக்குத் தெரியாது. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வில் விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, நெருக்கடி மூன்றும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்தது. எனவே "தொடர்புடையது" என்று எழுதுங்கள், "காரணம்" என்று எழுதாதீர்கள்.

மாந்தோப்பு_23
ஆண்–பெண் வேறுபாட்டை உடலிலா மனசிலா, எங்கே தேடணும்? கட்டுரைகளில் ரெண்டையும் கலந்தே எழுதியிருக்காங்க.

வத்தல்மலை_காத்து
உடல் பங்கு உண்டு. நிகோடினை உடைக்கும் கல்லீரல் நொதி சி.ஒய்.பி.2ஏ6. ஈஸ்ட்ரோஜன் அதைத் தூண்டும், அதனால் சராசரியாகப் பெண்களுக்கு நிகோடின் சீக்கிரம் இறங்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் வேகம். இன்னொரு பக்கம், ஆய்வக வேலைகளில் ஆண்களின் புகைப்பு நிகோடின் அளவைப் பிடித்துக்கொண்டு போகிறது. பெண்களுடையது மணம், கை வாய் அசைவு, கூட இருக்கும் ஆள், மோசமான மனநிலை இவற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது. நிகோடின் பேட்ச் சில ஆய்வுகளில் பெண்களுக்குக் கொஞ்சம் குறைவாகப் பலித்ததற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். மாதவிடாய்ச் சுழற்சியில் எந்த வாரம் விடுவது எளிது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, அதை வினாத்தாளில் நுழைக்காதீர்கள்.

உங்கள் களத்தில் பெரிய பங்கு சமூகத்துடையது. பையன்களுக்குச் சிகரெட் ஒரு நுழைவுச்சீட்டு: டீக்கடை, சீனியர், "ஒரு தம் போடுடா மச்சி". இதை அளக்க நல்ல கேள்வி, "உங்கள் வகுப்பு ஆண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் புகைப்பார்கள்?" கிட்டத்தட்ட எப்போதும் உண்மையைவிடக் கூட்டியே சொல்வார்கள். அந்த மிகைப்புதான் "எல்லாரும்தானே செய்றாங்க" என்பதன் அளவு. புகைக்கிறவர்கள் இன்னும் கூட்டிச் சொல்வார்கள்.

பெண்களுக்கு டீக்கடை கிடையாது. அறை, ஹாஸ்டல் மொட்டை மாடி, வெளியூர்ப் பயணம். தனியே, அவசரமாக, ஜன்னலைத் திறந்து வைத்து. பிடிபடும் பயமே தூண்டுதலோடு சேர்ந்துவிடும். எடை கூடிவிடும் என்ற அச்சத்தையும் தனியாகக் கேளுங்கள். விட்டபின் ஓராண்டில் சராசரியாக நாலரை, ஐந்து கிலோ ஏறுவது உண்மைதான், ஆனால் ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். விளம்பரக்காரர்கள் இதைத் தெரிந்தே விளையாடினார்கள்: 1929 நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் எட்வர்ட் பெர்னேஸ் பெண்களின் கையில் சிகரெட்டைக் கொடுத்து "விடுதலைத் தீவட்டி" என்று பெயர் வைத்தார். 1968-இல் மெலிந்த சிகரெட்டுக்கு "ஸ்லிம்ஸ்" என்று பெயரே வந்துவிட்டது.

ராயக்கோட்டை_ரோடு
ஃபாகர்ஸ்ட்ரோமைப் பற்றி யாரும் பேசலையே. மாணவர்களுக்கு அது தரை தட்டும். ஆறு கேள்வி, 0 முதல் 10. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் வரைக்கும் பூஜ்யம், விழிச்சு ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் முதல் சிகரெட்னா பூஜ்யம். லூஸ்ல ரெண்டு மூணு வாங்கி வகுப்பு முடிஞ்சதும் அடிக்கிற பையன் 0 அல்லது 1 எடுப்பான். "அடிமைத்தனம் இல்லை"ன்னு அட்டவணையில வரும். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் ரெண்டு நாள் அப்பா அம்மா முன்னாடி எரிஞ்சு விழுறதை அது பிடிக்காது. அந்த இடத்துக்கு ஹாங்க் பட்டியல் நல்லது. பத்து கேள்வி, ஆமா இல்லை, ஒரே ஒரு "ஆமா" வந்தாலே பிடி நழுவத் தொடங்கியாச்சுன்னு அர்த்தம்.

"தற்போது புகைப்பவர்"க்கு வாழ்நாளில் 100 சிகரெட் என்ற வரையறையையும் எடுத்துடுங்க. முதலாண்டு மாணவர்ல பாதிப் பேர் அதைத் தாண்டியிருக்க மாட்டாங்க. "கடந்த 30 நாள்ல எத்தனை நாள், ஒரு இழுப்பாவது" போதும். "நீங்கள் புகைப்பவரா" என்று மட்டும் கேட்காதீங்க, "சும்மா எப்பவாச்சும்" கூட்டம் முழுக்க இல்லைன்னு போடும்.

மூச்சில கார்பன் மோனாக்ஸைடு பார்க்கிற கருவி கிடைச்சா சந்தோஷம், ஆனா அது நாலஞ்சு மணி நேரத்துல பாதியாயிடும். காலை பத்து மணி வகுப்புல ஊதச் சொன்னா நேத்து சாயங்காலம் ஒண்ணு அடிச்சவன் சுத்தமா தெரிவான். கோட்டினின் நாள் கணக்குல நிக்கும், ஆனா கூல் லிப் வைக்கிறவனுக்கும் ஏறும். மோனாக்ஸைடு இல்ல, கோட்டினின் இருக்குன்னா ஒண்ணு புகையில்லாப் புகையிலை, இல்ல நேத்து அடிச்சது.

பெண்ணையாத்தங்கரை
கடைகளையும் அளவிடுங்க. கோட்பா (புகையிலைக் கட்டுப்பாட்டு) சட்டம் 2003, பிரிவு 6: பதினெட்டுக்குக் கீழ் விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் விற்கக் கூடாது. மதில் சுவரின் வெளி விளிம்பிலிருந்து ஆர வட்டமாக அளப்பதுதான் விதி. சாலை சுற்றிப் போகும் தூரம் கணக்கில் வராது. கடைக்கு ஒரு வரி குறிப்பு: லூஸில் விற்கிறார்களா, கயிற்றில் லைட்டர் தொங்குகிறதா, உட்கார பெஞ்சு இருக்கா, பெண்கள் நிற்பார்களா. ஓசூர் பக்கம் எடுத்தால் அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகம், அங்கே விதி வேறு. மாணவர் எந்தப் பக்கம் வாங்குகிறார் என்று ஒரு கேள்வி சேருங்க. கடைக்காரர் பெயரோ படமோ வேண்டாம், உங்கள் வேலை புகார் கொடுப்பது இல்லை.

இ-சிகரெட்டுக்கு 2019 சட்டப்படி விற்பதும் சேமித்து வைப்பதும் குற்றம். வினாத்தாளில் அந்தக் கட்டத்துக்கு டிக் போடுகிறவர் பயப்படக் காரணம் உண்டு. முகப்பிலேயே "தனி ஆளை அடையாளம் காட்டும் எதுவும் இல்லை" என்று எழுதி, அதன்படி நடங்க.

ராயக்கோட்டை_ரோடு
நெறிமுறைக் குழுவுக்குப் போறப்போ மாட்டுற இடம் ரெண்டு. முதலாண்டுல நிறையப் பேருக்கு 17 வயசு. பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேணும். கையெழுத்து வாங்கப் போனா, "எம் பொண்ணு சிகரெட் பிடிக்கிறாளான்னு கேட்கப் போறீங்களா"ன்னு அப்பா போன் பண்ணுவார், அத்தோட ரகசியம் போச்சு. 18 நிறைஞ்சவங்க மட்டும்னு வெச்சுக்குங்க, இரண்டாமாண்டுல தொடங்குங்க.

இன்னொண்ணு பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, தற்கொலை எண்ணம். பெயரில்லாத தாள்ல ஒருத்தர் "தினமும்"னு டிக் போட்டிருந்தா என்ன செய்வீங்க? ஆளைத் தேட முடியாது, சும்மா விடவும் முடியாது. ஒன்பதாவதை நீக்கின பி.எச்.க்யூ-8-ஐப் போடுங்க.

மாந்தோப்பு_23
ரொம்ப நன்றி. உதவி எண்கள் போட்ட துண்டுச்சீட்டைப் புகைக்கிறவங்களுக்கு மட்டும் கொடுக்கலாம்னு இருந்தேன். அதுவும் தப்பா?

வத்தல்மலை_காத்து
தப்புதான்மா. கையில் சீட்டு இருந்தால் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். 400 பேருக்கும் கொடுங்கள், தாளோடு சேர்த்தே கவருக்குள் வையுங்கள். புகையிலை விட 1800-11-2356, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. போனில் பேசினால் போதும், பெயர் பதியும் கிளினிக் வரிசை கிடையாது. பெண்களுக்கு இதுதான் முக்கியம்.

நிகோடின் கம் பற்றி நாலு வரி சேருங்கள், ஏனென்றால் தப்பாக மென்று "இது ஆகல" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. மாணவர்களில் அநேகருக்கு 2 மில்லிகிராம் போதும். விழித்து அரை மணிக்குள் பற்ற வைப்பவர்களுக்குத்தான் 4, அது மருத்துவர் சொல்லி. மெதுவாக மென்று, காரம் போலச் சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கணும். சுருக்கு அடங்கினதும் மறுபடி மெல்லணும். ஒரு கம் அரை மணி நேரம். பபிள்கம் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், தொண்டை எரிச்சல்தான் மிச்சம். கம் போடுவதற்குக் கால் மணி முன்னாடியிலிருந்தே காபி, ஜூஸ், சோடா கூடாது. வாய் புளித்திருந்தால் நிகோடின் உள்ளே ஏறாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: புகையில் உள்ள தார்ப் பொருள்கள் காஃபீனை வேகமாக உடைக்கும் நொதியைத் தூண்டி வைத்திருக்கும். சிகரெட்டை நிறுத்தியதும் அதே நாலு காபி இரட்டிப்பாக வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் "சிகரெட் விட்டதால" என்று நினைத்து மூன்றாம் நாள் திரும்பப் பற்ற வைப்பார்கள். மூன்றாம் நாள்தான் ஏக்கமும் உச்சம். காபியையும் பாதியாக்கச் சொல்லுங்கள்.

மாந்தோப்பு_23
புதுத் திட்டம்: ஆண்கள் 395 பேரிடம் புகைப்பளவு, பெண்கள் 400 பேரிடம் சாய்வு, பெண்களிடம் 12 நேர்காணல், கடை வரைபடம். பி.எச்.க்யூ-8, ஹாங்க், 30 நாள் கேள்வி. செமஸ்டர் தேர்வு நவம்பரில். அக்டோபர் கடைசியில் களத்துக்குப் போகலாமா?

எண்_கணக்கன்
வேண்டாம். பி.எஸ்.எஸ். கடந்த ஒரு மாசத்தைக் கேட்குது, பி.எச்.க்யூ. ரெண்டு வாரத்தை. இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் குவியிற நேரத்துல போனா எல்லாருக்கும் எண் ஏறும், புகைக்கிறவன் புகைக்காதவன் வித்தியாசம் அமுங்கிப் போகும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம். ரெண்டு மாவட்டத்தையும் ஒரே பதினைஞ்சு நாளுக்குள்ள முடிச்சுடுங்க. பெட்டிக்குப் பூட்டு போடுங்க, சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும், துறை அலுவலகத்துல கொடுத்துட்டு வராதீங்க.